அம்சவல்லிக்கு ஆறு ஏக்கர்

மூன்றாம் நிலை நூலகர் குஞ்சிதபாதத்தின் வாழ்க்கையை எழுத உட்காரும் எவரும் முதலில் ஒரு சங்கதியைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். அவருக்குப் பேய் நம்பிக்கை கிடையாது. தில்லைக் கூத்தனின் தூக்கிய திருவடியைப் பெயராகச் சுமந்துகொண்டே கறுப்புச் சட்டை போட்டு, கீழ்வேளூர்க் கடைத்தெருவில் மூன்று கூட்டங்களில் கடவுளை இல்லையென்று ஆக்கியவர் அவர். பெயரையும் மாற்றிக்கொள்ளக் கூடாதா என்று தோழர்கள் கேட்டதற்கு, “கெசட்டுல போட நாலு படிவம், நாலுக்கும் சான்றொப்பம். அதுக்குக் கடவுளே தேவலாம்” என்று பதில் சொன்னார். ஆகவே அவர் எழுதிய சிறுமி ஒருத்தி பதிவேட்டில் தானாகவே கையெழுத்துப் போட ஆரம்பித்து, அதனால் பதினோரு குடும்பங்கள் ஆறு ஏக்கர் நஞ்சையை இழக்கப் பார்த்த விவகாரத்தையும் அவர் பகுத்தறிவோடுதான் அணுகினார் என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

அவர் பிறந்தது மாயவரத்துக்குப் பக்கம், 1932இல். பள்ளியிறுதி தேறி, தஞ்சாவூரில் நூலகச் சான்றிதழ் வகுப்பு முடித்தார். உலகத்தில் உள்ள எதையும் ஓர் எண்ணுக்குள் அடக்கிவிடலாம் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். அதை அவர் உண்மையென்று நம்பிவிட்டார். பெண் பார்க்கப் போன இரண்டு வீடுகளிலும் அலமாரிப் புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்கிக் கொடுத்துவிட்டு, பெண்ணைப் பார்க்காமலே திரும்பினார். மூன்றாவது வீடு ஏற்படவில்லை.

ஆட்சி மாறிய 1967ஆம் ஆண்டில் கீழ்வேளூருக்குத் தெற்கே நாலு மைலில் உள்ள ஆலங்குறிச்சிக்குப் புதிய சாமான்கள் மூன்று வந்தன. கொடிக்கம்பம் இரண்டு, கிளை நூலகம் ஒன்று. நூலகத்துக்கு இடம் கொடுத்தவர் மிராசுதார் சாரங்கபாணி. வயல் நடுவே இருந்த தன் பழைய நெற்களஞ்சியத்தை அறிவு வளர்ச்சிக்காக விட்டுக்கொடுத்தார். பதுக்கல் நெல்லைத் தேடி வருகிற அதிகாரிகள் கதவைத் திறந்தால் புத்தகம் தெரியட்டும் என்ற நல்லெண்ணம் அதில் கொஞ்சம் கலந்திருந்தது.

களஞ்சியத்துக்கு இரண்டடிச் சுவர். ஜன்னல் கிடையாது. கூரையை ஒட்டி ஒரு தலை நுழையுமளவுக்கு இரண்டு காற்றுத் துளைகள். உச்சி வெயில் அவற்றின் வழியாக இரண்டு துண்டாகத் தரையில் விழும். சிறுவர் பகுதி இருந்த பின்சுவர் வரைக்கும் ஒரு நாளும் போகாது. நடுவில் ஒரு மரத்தூண். ஆள் இடுப்புயரத்தில் அது மட்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தது. மாடு கட்டின தூணாக இருக்கும் என்று குஞ்சிதபாதம் முடிவு செய்து, அதன் பக்கத்திலேயே தன் மேசையைப் போட்டுக்கொண்டார். மாட்டை எதற்குக் களஞ்சியத்துக்குள் கொண்டுவந்து கட்டுவார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. பகுத்தறிவுக்கும் வார விடுமுறை உண்டு.

அந்தத் தூணடியில்தான் அவர் இலக்கியம் படைத்தார். காலை நேரம் பதினொன்றுக்கு முடியும், மாலை நேரம் நாலுக்குத் தொடங்கும். நடுவில் கதவைச் சாத்திக்கொண்டு குழந்தைகளுக்குக் கதை எழுதுவார். முதல் புத்தகம் ‘நண்டு வளையில் ஒரு பள்ளிக்கூடம்.’ முப்பத்திரண்டு பக்கம். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கும்பகோணத்து அச்சகம் ஒன்று அதை அச்சிட்டது. கைவசம் இருந்த அச்சுக் கட்டையைக் கொண்டு அட்டையில் இரண்டு வாழைமரமும் ஒரு நாதசுரமும் போட்டுக் கொடுத்தது. அதற்குப் பிறகு இன்னும் பத்துப் புத்தகங்கள் வந்தன. பதினொன்றிலும் ஒரே கதாநாயகி, அம்சவல்லி. வயது ஒன்பது, பதினோரு புத்தகத்திலும் ஒன்பது. இடது கைக்காரி. வரப்பில் நடக்க மாட்டாள், வாய்க்காலில்தான் நடப்பாள். அதனால் எப்போதும் ஈரக்கால். பால் பிடித்த பச்சைக் கதிரைப் பறித்து மென்றுகொண்டே இருப்பாள். படித்த பக்கத்துக்கு அடையாளமாக ஒரு கதிரை வைத்து மூடுவாள். இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், கற்பனை என்று அடக்கத்தோடு சொல்லலாம் என்று காத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. ஆலங்குறிச்சியில் அவர் புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்கள் இல்லை.

புத்தகம் இருக்கட்டும், நூலகத்துக்கே ஆள் வரவில்லை. இரண்டு கொடிக்காரர்களும் அவரவர் கட்சிப் பத்திரிகையை டீக்கடையிலேயே படித்துக்கொண்டார்கள். தெற்குத்தெருவில் இருந்த விவசாயக் கூலிக்காரர்கள் ஒருவர்கூட வாசலைத் தாண்டவில்லை. அவர்கள் சங்கத்துக்குச் செயலாளரான ஐயாவு மட்டும் வாசல் வரைக்கும் வருவார். பத்திரிகையைப் படிக்கு வெளியிலிருந்தே வாங்கிக் கொண்டுபோய்ப் பூவரச நிழலில் நின்றே படித்துவிட்டுத் திருப்பித் தருவார்.

“உள்ள பெஞ்சு இருக்கு, ஐயாவு.”

“இருக்கட்டும் சார். உள்ள காத்து வராது.”

“ஃபேன் போடறேன்.”

“அந்தக் காத்தும் வேணாம் சார்.”

தினசரி சராசரி வருகை இருபத்தைந்துக்குக் குறைந்தால் கிளை மூடப்படும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. அன்றைக்கு வருகைப் பதிவேட்டில் இருந்தவை நாலு கையெழுத்து. அதில் ஒன்று தபால்காரருடையது; அவர் கொண்டுவந்தது அந்தச் சுற்றறிக்கையை. குஞ்சிதபாதம் கதவைச் சாத்தினார், பேனாவைத் திறந்தார், தன் கதைமாந்தர்களை வரிசையாகக் கையெழுத்துப் போட வைத்தார். படகோட்டி, உப்பளத்துக்காரர், ஊமை வாத்தியார் எல்லாரும் ஆலங்குறிச்சிக் கிளைக்கு அன்றாடம் வரலானார்கள். கடைசியாக அம்சவல்லி. அவள் இடது கைக்காரி என்பதால் அவளுடைய கையெழுத்தை மட்டும் இடது கையால் போட்டார். எழுத்து பின்பக்கம் சாய்ந்து, கோணல் மாணலாக, ஒன்பது வயதுக்குப் பொருத்தமாக விழுந்தது. மோசடியிலும் அவர் பாத்திரப் படைப்பை விட்டுக்கொடுக்கவில்லை. உறுப்பினர் பதிவேட்டிலும் அவளுக்கு ஓர் எண் கொடுத்தார்: நாற்பத்தொன்று.

மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு நில உச்சவரம்புச் சட்டம் இறுகி வந்தது. குடும்பத்துக்கு இத்தனை ஏக்கர்தான், மிச்சத்தை உழுகிறவனுக்குக் கொடு என்றது. மிராசுதார்கள் சட்டத்தை மதிப்பவர்கள். ஆகவே முன்தேதியிட்டுப் பத்திரம் எழுதத் தொடங்கினார்கள். சாரங்கபாணியின் காரியஸ்தர் துரைராசு மாமன், மச்சான், செத்துப்போன அத்தை, பிறக்காத பேரன் என்று உள்ள பெயர்களையெல்லாம் தீர்த்துவிட்டார். மேலவாய்க்கால் ஓரத்து ஆறு ஏக்கருக்கு மட்டும் பெயர் கிடைக்கவில்லை. ஐயாவுவும் இன்னும் பத்துக் குடும்பமும் பாட்டன் காலத்திலிருந்து சேறடித்த நிலம் அது. உபரி நிலமென்று அறிவித்து எங்களுக்குக் கொடுங்கள் என்று சங்கம் மனுப் போட்டிருந்தது.

ஒரு நாள் காலை துரைராசு நூலகத்துக்கு வந்து வருகைப் பதிவேட்டைப் புரட்டினார்.

“ஏன் சார், இது யாரு அம்சவல்லி? மூணு வருஷமா ஒரு நாளு விடாம வந்திருக்குதே?”

குஞ்சிதபாதம் பேனாவை மூடி வைத்தார். உண்மையைச் சொன்னால் வேலை போகும், கிளையும் போகும். “அது வந்து... சின்னப் பொண்ணு” என்றார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எழுத்தாளர் அல்லவா, மேலே சொல்லிக்கொண்டே போனார். “தாய் தகப்பன் கிடையாது. வெளியூரு. வரும், ஒரு பக்கமா உக்காந்து படிக்கும், போயிடும்.”

“தாய் தகப்பன் இல்ல?”

“இல்ல.”

“கேட்பாரு இல்ல?”

“இல்ல.”

“ரொம்ப நல்லதாப் போச்சு சார்” என்று துரைராசு மனதார மகிழ்ந்தார்.

அடுத்த மாதமே மேலவாய்க்கால் ஆறு ஏக்கர், மிராசுதாரின் காலஞ்சென்ற ஒன்றுவிட்ட தம்பி மகள் மைனர் அம்சவல்லிக்கு எப்போதோ தானமாகப் போயிருந்தது தெரியவந்தது. கார்டியன் சாரங்கபாணி. அப்படி ஒரு பெண் உண்டா என்பதற்கு ஆதாரம், அரசாங்க நூலகத்தின் வருகைப் பதிவேடு. ஊரில் யாராவது ஒருவர் ஒரே ஒரு சிறுவர் கதையைப் படித்திருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது. தமிழ்நாட்டில் வாசிப்புப் பழக்கம் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

விசாரணைக்குத் தேதி குறித்தார்கள். 1972, சித்திரை கடைசி வெள்ளி. குஞ்சிதபாதம் சாட்சி. அந்தச் சித்திரையில்தான் மற்றவை அவர் கண்ணில் படத் தொடங்கின.

சித்திரையில் அந்தப் பக்கத்து வயல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேட்டூர் திறக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கும். வாய்க்காலில் புழுதி பறக்கும். வெடித்த வயலில் கையை விட்டால் முழங்கை வரை போகும். தோண்டினால் உப்புத் தண்ணீர் வருகிற ஊர் என்பதால் பம்புசெட்டும் கிடையாது. பத்து மைல் சுற்றளவில் பச்சை என்று சொல்லத் தென்னையும் பூவரசும் ஒரு கட்சிக் கம்பத்தில் பூசிய பெயின்டும்தான். ஒரு நடுப்பகலில் குஞ்சிதபாதம் ‘நண்டு வளையில் ஒரு பள்ளிக்கூடம்’ பிரதியை எடுத்துத் திறந்தார். பதினேழாம் பக்கத்தில் ஒரு நெற்கதிர் இருந்தது. பச்சைக் கதிர். நகத்தால் அழுத்தினார். பால் வந்தது.

பறவை கொண்டுவந்து போட்டிருக்கும் என்று குறிப்பேட்டில் எழுதினார். மூடிய புத்தகத்துக்குள் போடும் பறவை எது என்பதை அறிஞர்கள் ஆராய வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் தரையில் ஈரக்கால் தடம். சின்னக் கால். சிறுவர் பகுதி பெஞ்சின் ஓரத்திலிருந்து தூண் வரைக்கும் வந்திருந்தது. வாசலிலிருந்து பெஞ்சுக்கு வந்த தடமும் இல்லை, தூணிலிருந்து போன தடமும் இல்லை. தண்ணீர்ப் பானை ஒழுகுகிறது என்று முடிவு செய்து பானையைத் தூக்கி வெளியே பூவரசடியில் வைத்தார். அடுத்த நாளும் தடம் இருந்தது. இந்த முறை மேசையைச் சுற்றி, அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து, அங்கே இரண்டு காலும் ஒன்றாக நின்றிருந்தது. ஒருவர் எழுதுவதைத் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தால் எப்படி நிற்பாரோ அப்படி. காலை நேரம் முழுக்க அவர் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். எழுத்தாளருக்கு வாசகர் நெருக்கமாக இருப்பது நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்த நெருக்கத்தைக் கையாளும் முறையைச் சான்றிதழ் வகுப்பில் சொல்லிக்கொடுக்கவில்லை.

பிறகு கையெழுத்து. நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பதிவேடு பீரோவில் இருக்கும். சாவி அவர் இடுப்பில். சனிக்கிழமை காலை திறந்தால் வெள்ளிக்கிழமைத் தேதியில் ஒரே ஒரு வருகை. இடது பக்கம் சாய்ந்த கோணல் எழுத்து. புரட்டிப் பார்த்தார். மாசியிலிருந்தே, அவர் கவனிக்காமல், அப்படி ஒன்பது வெள்ளிக்கிழமைகள். தூக்கத்தில் நடக்கிற வியாதி தனக்கு இருக்கக்கூடும் என்று எண்ணி, அன்றிலிருந்து காலில் கயிறு கட்டிக்கொண்டு படுத்தார். விடிந்ததும் கயிறு கட்டினபடியே இருந்தது வியாதியின் தீவிரத்தைக் காட்டியது.

விசாரணைக்கு நாலு நாள் இருக்கும்போது ஐயாவுவின் மனைவி ராமாயி வந்தாள். நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவள், நாற்பது வயது, கிராமநிர்வாகத்தையே கேள்வி கேட்கிற வாய். வாசற்படிக்கு வெளியே வெயிலில் நின்றாள்.

“சார், ஒங்க வாயிலதான் எங்க ஆறு ஏக்கரு இருக்கு. அப்புடி ஒரு புள்ள கெடையாதுன்னு சொல்லிடுங்க. எங்க ஊட்டு ஆம்பள வெக்கப்பட்டுக்கிட்டுக் கேக்க மாட்டேங்குது.”

“உள்ள வாம்மா. வெயில்.”

“வரமாட்டேன் சார்.”

“ஏன், நானா தடுத்தேன்? இது பொது நூலகம்.”

“எப்ப சார் பொது நூலகம்? அதுக்கு முன்னாடி இது என்ன?” என்றவள் தூணைப் பார்த்தாள். “அதுல கட்டித்தான் எங்க அப்பாவ அடிச்சாங்க. எங்க தெருவுல வயசானவங்க முதுகையெல்லாம் கேட்டுப் பாருங்க, அந்தத் தூணு எவ்வளவு ஒசரமுன்னு சொல்லும்.”

குஞ்சிதபாதம் மேசையைத் தூணிலிருந்து கொஞ்சம் நகர்த்தினார். ஐந்து வருஷம் கழித்து அது ஒன்றும் பெரிய நகர்த்தல் இல்லை.

பேச்சை மாற்றுவதற்காக அவர் அந்தக் கதிரை எடுத்துக் காட்டினார். பிறகு, அந்தப் பெண்ணே தன் கற்பனைதான், நிரூபித்துவிடலாம் என்று தைரியம் சொல்வதற்காக, முதல் புத்தகத்தின் முதல் பக்கத்தை வாசித்தார். ஈரக்கால், இடது கை, வாய்க்காலில் நடக்கிறது, பால் கதிரை மெல்லுகிறது. இதுவரை அவருக்கு வாய்த்த ஒரே வாசகி வெயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வாசித்து முடித்ததும் பாராட்டை எதிர்பார்த்து நிமிர்ந்தார்.

ராமாயி படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

“யாரு சார் ஒங்களுக்குச் சொன்னது?”

“யாரும் சொல்லல. நானா எழுதினது.”

“எங்க அக்கா சார் அது. ஒம்பது வயசு. வாய்க்கால்ல நின்னுக்கிட்டு ஒரு கதிரப் பறிச்சுத் தின்னா. ஒரு கதிரு. ஈரக்காலோட இழுத்தாந்து இதுக்குள்ள போட்டுப் பூட்டுனாங்க, பொழுது சாஞ்சதும் தொறந்து விடறோமின்னு. சாவி இந்தத் தொரராசோட அப்பாருகிட்ட. அவரு ஒரத்தநாட்டுக்கு ஒரு கலியாணத்துக்குப் போயிட்டாரு. மறந்துட்டாரு சார். மூணாம் நாளு வந்துதான் தொறந்தாங்க.”

காற்றுத் துளையில் ஒரு புறா சடசடத்தது. அவளுக்கு என்ன பெயர் என்று கேட்டார் குஞ்சிதபாதம்.

“பேரு ஏது? அவ பெரிய குட்டி, நான் சின்னக் குட்டி. எனக்கே கலியாணத்தும்போதுதான் பேரு வச்சாங்க. பள்ளிக்கூடம் போனாத்தான சார் பேரு வேணும்.” உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டாள். “இதெல்லாம் எங்க உக்காந்து எழுதினீங்க?”

அவர் தூணடியைக் காட்டினார். தான் எழுதின பதினோரு புத்தகத்தில் தன்னுடையது எத்தனை வரி என்ற கேள்வி அப்போது அவருக்குத் தோன்றியது. பேய் பற்றியதல்ல, பதிப்புரிமை பற்றிய கேள்வி அது என்று தன்னைச் சமாதானம் செய்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. விசாரணை அதிகாரி வைத்தியலிங்கம் நல்ல மனிதர், வியர்வைக்குப் பயந்தவர். ஊரில் மின்விசிறி இரண்டே இடத்தில். ஒன்று மிராசுதார் வீடு, இன்னொன்று நூலகம். நடுநிலை கருதி நூலகத்தில் விசாரணை நடந்தது. சிறுவர் பகுதி பெஞ்சின் ஓரத்தில் கோப்புகளை வைத்துவிட்டு அதிகாரி நூலகரின் நாற்காலியில் அமர்ந்தார். மிராசுதார் சாரங்கபாணி எதிரே, துரைராசு அவர் பின்னால். ஐயாவுவும் ராமாயியும் தெற்குத்தெரு ஆட்களும் வாசலுக்கு வெளியே வெயிலில்.

“உள்ள வாங்கய்யா, மனுதாரர் நீங்கதானே?” என்றார் அதிகாரி.

“இங்கேருந்தே நல்லாத் தெரியுதுங்க” என்றார் ஐயாவு.

குஞ்சிதபாதம் எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். அம்சவல்லி தான் எழுதிய பாத்திரம். கையெழுத்தெல்லாம் தான் போட்ட பொய். சராசரியைக் காப்பாற்றச் செய்தது. பதினோரு புத்தகத்தையும் மேசையில் அடுக்கினார். அதிகாரி வாழைமரத்தையும் நாதசுரத்தையும் பார்த்துவிட்டு, “யாருக்குக் கல்யாணம்?” என்று கேட்டார். பிறகு பதிவேட்டைப் புரட்டினார்.

“எல்லாக் கையெழுத்தும் நீங்க போட்டதா?”

‘ஆமாம்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆறு ஏக்கர் தெற்குத்தெருவுக்குப் போய்விடும். வாசலிலிருந்து ராமாயி பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் மூன்று வருஷம் பொய்க் கையெழுத்துப் போட்ட மனிதருக்கு அன்றைக்குப் பார்த்து உண்மை பேசும் வியாதி வந்திருந்தது.

“ஒன்பது தவிர.”

“என்ன ஒன்பது?”

“ஒன்பது வெள்ளிக்கிழமை. அது நான் போட்டதில்ல.”

“வெள்ளிக்கிழமை லீவாச்சே? சாவி யாருகிட்ட?”

“என்கிட்ட.”

“அப்ப யாரு போட்டது?”

“தெரியலைங்க.”

மிராசுதார் முதன்முறையாக வாயைத் திறந்தார். “பொண்ணு இல்லேங்கிறாரு, அப்புறம் கையெழுத்து இருக்குங்கிறாரு. பாவம், தனியா இருக்கிற மனுஷன். துரைராசு, கொழந்தையக் கூட்டிக்கிட்டு வா.”

வெளியே நின்ற காரிலிருந்து ஒரு சிறுமி இறங்கினாள். புதுப் பாவாடை, எண்ணெய் வைத்து வாரின தலை. அவள் பெயர் பூவம்மாள் என்பதும், திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்களிடம் பூ விற்கிறவள் என்பதும் பிற்பாடு தெரிந்தது. முன்பின் தெரியாத கிழவர்கள் முன்னால் அடக்கமாக நின்று பழகினவள். துரைராசின் தேர்வில் குறை சொல்ல முடியாது.

“பேரென்னம்மா?”

“அம்சவல்லிங்க.”

“யாரு வீட்டுப் பொண்ணு?”

“பெரியப்பா வீட்டுல வளர்றேங்க.” மிராசுதாரைக் காட்டினாள். இம்மி பிசகவில்லை.

“இதுல உன் பேர எழுதிக் கையெழுத்துப் போடு, பார்ப்போம்.”

பதிவேட்டு எழுத்தின் சாய்வைப் பார்த்து, பேனாவை இடது கையில் பிடிக்கச் சொல்லித் துரைராசு பழக்கியிருந்தார். அவள் பிடித்தாள். குனிந்தாள். நிறுத்திவிட்டாள். அவள் பார்வை அதிகாரியைத் தாண்டி, கோப்புகள் இருந்த பெஞ்சின் ஓரத்துக்குப் போயிற்று.

“போடும்மா.”

“அவங்க போட வேண்டாமுங்கிறாங்க.”

“யாரு?”

“அந்தா, அங்க உக்காந்திருக்காங்களே. அது அவங்க பேராம். இப்பத்தான் கெடச்சுதாம், தரமாட்டாங்களாம்.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கோப்புக் கட்டு இருந்தது, பின்னால் சுவர் இருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, மேசைமேலிருந்த தாளெல்லாம் படபடத்தது, அந்தக் கோப்புக் கட்டில் மட்டும் ஒரு தாளும் அசையவில்லை. யாரோ கையை ஊன்றியிருப்பதுபோல.

“ஏ புள்ள, சொன்னபடி போடு” என்று துரைராசு அதட்டினார். “நேத்து என்ன சொல்லிக் குடுத்தேன்?”

“நீங்களே போட்டுக்குங்க மாமா. என்னைத் திருக்கடையூர்ல விட்டுடுங்க. ஒங்க அப்பாருகிட்ட இருந்த சாவி எங்கன்னு அவங்க கேக்குறாங்க.”

துரைராசு ஓரடி பின்வாங்கினார். அவருடைய முகத்தைப் பார்த்த சாரங்கபாணி, கார் எங்கே நிற்கிறதென்று திரும்பிப் பார்த்தார். தன் தகப்பனார் சாவியைப் பற்றி அந்தச் சிறுமிக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது என்பது அந்த அறையில் வேறு யாரையும்விடத் துரைராசுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது.

அப்போது ராமாயி வாசற்படியைத் தாண்டினாள். முப்பது வருஷத்தில் தெற்குத்தெருவிலிருந்து தன் காலால் உள்ளே வந்த முதல் ஆள் அவள்தான். யாரையும் பார்க்காமல் தூணைத் தாண்டி நேரே போனாள். பெஞ்சின் ஓரத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தாள். முந்தானையால் பக்கத்துப் பலகையைத் துடைத்தாள். வெளியிலிருந்து ஐயாவு உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் பதினோரு வீட்டு ஆட்களும் வந்து, பெஞ்சுகள் நிறைந்தன. அன்றைய வருகையை எண்ணியிருந்தால் சராசரி எங்கோ போயிருக்கும். குஞ்சிதபாதம் பழக்க தோஷத்தில் எண்ணினார்.

வைத்தியலிங்கம் சட்டம் படித்தவர். முன்னால் நிற்கிற சிறுமி அம்சவல்லி இல்லை என்று அவளே சொல்லிவிட்டாள். அம்சவல்லி வேறு எங்கேயாவது இருக்கிறாளா என்ற கேள்வியை, பெஞ்சின் ஓரத்தை நிமிர்ந்து பார்க்காமலே, அவர் ஒரே வரியில் தீர்த்தார்: ‘நிலம் பெற்றவராகக் கூறப்படும் நபர் நேரில் ஆஜராகவில்லை.’ தானப் பத்திரம் செல்லாது, ஆறு ஏக்கரும் உபரி நிலம். கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கோப்புக் கட்டை எடுத்தார். கட்டின் அடியில் இருந்த தாள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

“பானை ஒழுகுது போல இருக்கே” என்றார்.

“ஆமாங்க” என்றார் குஞ்சிதபாதம். பானை இருபது நாளாகப் பூவரசடியில் இருந்தது.

பூவம்மாளை ஐயாவுதான் பஸ்ஸில் கூட்டிப்போய்த் திருக்கடையூரில் விட்டுவிட்டு வந்தார். புதுப் பாவாடையை அவளே வைத்துக்கொண்டாள். மிராசுதார் தரப்பு அதைத் திருப்பிக் கேட்கவில்லை; கேட்டால் கொடுத்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

பொய்க் கையெழுத்துக்காக நூலகர் மீது துறை நடவடிக்கை வந்தது. அதற்குள் தெற்குத்தெருவிலிருந்து தினமும் முப்பது நாற்பது பேர் வரத் தொடங்கியிருந்தார்கள். அத்தனையும் அசல் கையெழுத்து. மேலிடம் ஒன்றைக்கூட நம்பவில்லை. அவரை ஒரத்தநாட்டுக்கு மாற்றினார்கள். போவதற்கு முன் உறுப்பினர் எண் நாற்பத்தொன்றை நீக்கிவிட்டுப் போகும்படி உத்தரவு. நீக்கும் படிவத்தில் காரணத்துக்கு இரண்டே கட்டம் இருந்தது: இறப்பு, இடமாற்றம். அரை நாள் யோசித்தார். ‘அப்படி ஒருவர் இல்லை’ என்பதற்குக் கட்டம் இல்லை. படிவத்தை வெறுமையாகவே விட்டுவிட்டார். இன்றளவும் நாற்பத்தொன்றாம் எண் நீக்கப்படவில்லை.

இருப்புச் சரிபார்த்தபோது ஒரே ஒரு நூல் குறைந்தது. ‘நண்டு வளையில் ஒரு பள்ளிக்கூடம்.’ வீட்டில் தேடினார், அலமாரிக்கு அடியில் தேடினார். விசாரணை நாளில் மேசையில் அடுக்கியது நினைவிருந்தது. திருப்பி எடுத்து வைத்தது நினைவில்லை. அதற்குப் பிறகு களஞ்சியத்தில் ஈரத்தடமும் இல்லை, வெள்ளிக்கிழமைக் கையெழுத்தும் இல்லை. ஓர் உள்ளுணர்வின் பேரில் என்று எழுதுவது பகுத்தறிவாளருக்குப் பெருமை சேர்க்காது. ஒரத்தநாட்டிலிருந்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வருஷம் மார்கழியில், பட்டா கைக்கு வந்து முதல் சம்பா நின்ற மேலவாய்க்கால் வயலுக்கு அவர் போனார்.

கதிர் பால் பிடித்திருந்தது. ராமாயி வரப்பில் நின்றிருந்தாள். வாய்க்காலில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு ஓடியது. ஓரத்துப் பயிரில் இடுப்புயரத்துக்கும் கீழே, ஒரு சின்னக் கை எட்டுகிற உயரத்தில், வரிசையாகக் கதிர்கள் பறிக்கப்பட்டிருந்தன.

“எலியா?” என்று கேட்டார்.

“எலி இவ்வளவு ஒழுங்காப் பறிக்குமா சார்?” என்றாள் ராமாயி. “பறிக்கட்டும். நம்ம வயலுதான, யாரு கேக்கப் போறா.”

குஞ்சிதபாதம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ஒரு நூல் குறைகிறது, இருப்புக் கணக்கு முடியவில்லை, இந்தப் பக்கம் எங்காவது கண்ணில் பட்டதா என்று அலுவல் தோரணையில் விசாரித்தார்.

ராமாயி வாய்க்காலின் மேல்பக்கம் பார்த்தாள். அங்கே தண்ணீர் கலங்கியிருந்தது, யாரோ சற்று முன்னால் நடந்து போனதுபோல.

“அவசரப்படுத்தாதீங்க சார். எழுத்துக்கூட்டித்தான படிக்கணும், அவ. படிச்சிட்டுக் குடுப்பா.”

அன்று மாலை குஞ்சிதபாதம் பழைய நூலகத்துக்குப் போய், தன் கையெழுத்துக்காக முடியாமல் கிடந்த இருப்புப் பதிவேட்டில் அந்த நூலுக்கு நேரே, துறையில் வழக்கமாக எழுதுகிற வாசகத்தையே தன் வலது கையால் எழுதிக் கையெழுத்திட்டார்: ‘நூல் வாசகரிடம் உள்ளது.’